கப்பலேறும் கதைப் புத்தகங்கள்!

பீரோவுக்குப் பூட்டுப் போட்டிருந்தது.

1998. நேபாளத்தில் அன்னபூர்ணா மலைகளைச் சுற்றி நடக்க வந்த ஓர் அமெரிக்கர், வழியில் பஹுன்டாண்டா என்ற மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குள் எட்டிப் பார்க்கிறார். பெயர் ஜான் வுட். மைக்ரோசாஃப்ட் கம்பெனியில் கை நிறையச் சம்பளம், தலை நிறைய டென்ஷன். ஒழுங்காக லீவு சொல்லிவிட்டு (நம்மைப் போல இல்லாத பாட்டியை இன்னொரு தடவை சாகடிக்காமல்!) மலையேற வந்த மனிதர்.

பள்ளிக்கூடத்தில் லைப்ரரி என்று ஓர் அறையைக் காட்டினார்கள். அறை இருந்தது. புத்தகம்தான் கண்ணில் படவில்லை. 'எங்கே?' என்று விசாரித்தால், பீரோவுக்குள். பிள்ளைகள் எடுத்துக் கிழித்துவிட்டால் என்ன செய்வது? அதனால் பூட்டு.

சாவி வந்து, பீரோ திறந்தது. உள்ளே என்ன இருந்தது என்பதை வுட் பிற்பாடு தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். டேனியல் ஸ்டீலின் காதல் நாவல் ஒன்று. அட்டையில் ஒரு ஜோடி, அக்கம்பக்கம் மறந்து கட்டிப்பிடித்தபடி. உம்பர்ட்டோ ஈகோவின் தலையணை சைஸ் நாவல் ஒன்று, அதுவும் இத்தாலிய மொழியில். அப்புறம், மங்கோலியாவைச் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று சொல்லும் டூரிஸ்ட் கைடு!

எல்லாம் மலையேற வந்த வெள்ளைக்காரர்கள் விட்டுவிட்டுப் போனவை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற நேபாளத்துப் பையன், மங்கோலியாவில் எந்த ஓட்டலில் ரூம் சவுகரியம் என்று தெரிந்துகொண்டு என்ன செய்வான், பாவம்.

கிளம்பும்போது தலைமையாசிரியர், 'என்றைக்காவது திரும்பி வந்தால் புத்தகம் கொண்டு வாருங்கள்' என்கிற மாதிரி சொன்னார். இந்த மாதிரி வேண்டுகோளுக்கெல்லாம் நாம் "கண்டிப்பா சார்!" என்போம். பஸ் ஏறியதும் மறந்துபோவோம். வுட் மறக்கவில்லை. காட்மாண்டுவுக்கு வந்ததும் முதல் வேலையாக நண்பர்களுக்கெல்லாம் ஈ-மெயில் தட்டினார். 'உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் பிள்ளைகள் புத்தகங்களை கொலராடோவில் இருக்கும் என் அப்பா, அம்மா வீட்டுக்கு அனுப்புங்கள்.'

அனுப்பினார்கள். சுமார் 3,000 புத்தகங்கள்! பெற்றோர் வீடு குடோனாக மாறியது. 1999-ல் அப்பாவும் பிள்ளையுமாக நேபாளத்துக்குப் போய், பொதிமிருகங்கள் முதுகில் ஏற்றி, மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதே வருடம் வுட் மைக்ரோசாஃப்ட்டுக்குக் கும்பிடு போட்டுவிட்டு இதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டார். அதுதான் இன்றைக்குப் பல நாடுகளில் இயங்கும் 'ரூம் டு ரீட்' அமைப்பு.

இங்கேயே 'சுபம்' கார்டு போட்டுவிடலாம். ஆனால், அந்தப் பீரோவை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அதில் புத்தகம் இல்லாமல் இல்லை. தானமாக வந்த புத்தகம் இருந்தது. பிள்ளைகள் படிக்கிற புத்தகம்தான் இல்லை.

கடல் கடந்து புத்தகம் அனுப்புகிற இந்தப் பெரிய காரியத்தில் மொத்தச் சிக்கலும் அந்தப் பீரோவுக்குள் இருக்கிறது. பெட்டி ஊருக்குப் போய்ச் சேருவது ஒன்று. புத்தகம் பிள்ளையிடம் போய்ச் சேருவது இன்னொன்று.

கவர்னர் வீட்டு அம்மாள்

இந்த வேலையை முதலில் பெரிய அளவில் ஆரம்பித்தவர்களில் ஒருவர், இங்கிலாந்தின் ராண்ஃபர்லி சீமாட்டி ஹெர்மயனி. அம்மாள் லேசுப்பட்டவர் இல்லை. இரண்டாம் உலகப் போரில் கணவர் மத்தியக் கிழக்குக்குப் போனதும், 'மனைவிமார்கள் வரக்கூடாது' என்ற ராணுவ உத்தரவைத் தூக்கிக் கடாசிவிட்டுப் பின்னாலேயே போனார். பிடித்துக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். கேப்டவுனில் கப்பலிலிருந்து நழுவி, எப்படியோ மறுபடி கெய்ரோவுக்கே வந்து சேர்ந்தார்! இத்தனைக்கும் கணவர் எதிரிகளிடம் கைதியாகிவிட்டார். அவர் திரும்பும்வரை நகரமாட்டேன் என்று அங்கேயே வேலை பார்த்தார்.

இப்படிப்பட்டவர் 1950-களில் பஹாமாஸ் தீவுகளுக்கு கவர்னரின் மனைவியாகப் போனார். கவர்னர் மனைவி என்றால் ரிப்பன் வெட்டலாம், டீ பார்ட்டி கொடுக்கலாம். இவரோ அங்கே பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குப் படிக்கப் புத்தகமே இல்லாததைப் பார்த்துவிட்டு, இங்கிலாந்திலுள்ள சிநேகிதர்களுக்குக் கடிதம் எழுதினார். புத்தகங்கள் கப்பலில் வந்தன. 1954-ல் இப்படி ஆரம்பித்த வேலை 'ராண்ஃபர்லி லைப்ரரி சர்வீஸ்' ஆனது. 1994-ல் 'புக் எய்ட் இன்டர்நேஷனல்' என்று பெயர் மாறியது. தெற்கு லண்டனில் இருக்கும் அதன் குடோனிலிருந்து புத்தகங்கள் இன்றும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் மற்ற நாடுகளுக்கும் போய்க்கொண்டிருக்கின்றன.

அங்கே ஒரு முக்கியமான மாற்றம் நடந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

22,000 புத்தகம், ஒரே பெட்டி

அடுத்த ஆள் டாம் வார்த். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கார், மோட்டார் சைக்கிள் பற்றிய புத்தகங்களை விற்றும் வெளியிட்டும் பணம் பண்ணியவர். 1988-ல் உகாண்டாவில் ஜிஞ்ஜா என்ற ஊருக்குப் போனார். நைல் நதி விக்டோரியா ஏரியை விட்டுக் கிளம்புகிற ஊர். 1948-ல் காந்திஜியின் அஸ்தியில் ஒரு பகுதியைக் கரைத்த இடமும் அதுதான். அந்த ஊர் லைப்ரரிக்குள் நுழைந்தார். அலமாரிகள் இருந்தன. புத்தகங்கள் அநேகமாக இல்லை.

தன் நாட்டிலோ புத்தகம் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் அதிகம், அந்தப் பக்கம் இல்லை. நடுவில் கடல். ஒரு வியாபாரிக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? 'புக்ஸ் ஃபார் ஆப்பிரிக்கா' பிறந்தது. 1988-லிருந்து இதுவரை 5 கோடிக்கும் அதிகமான புத்தகங்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அனுப்புவது எப்படி? நம் துறைமுக ரோடுகளில் டிராஃபிக்கை மறித்துக்கொண்டு ஊர்வலம் போகுமே, நாற்பதடி கன்டெய்னர்... அதில்தான். ஒரு கன்டெய்னரில் சுமார் 22,000 புத்தகங்கள் அடங்கும். பள்ளிக்கூடத்துக்கு ஆயிரம் என்று வைத்தால், ஒரே பெட்டியில் 22 பள்ளிக்கு லைப்ரரி!

கேட்கச் சுலபமாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் தெரியும். புத்தகம் இலவசமாகக் கிடைக்கும், பயணம் இலவசம் இல்லை. குடோன் வாடகை, அட்டைப்பெட்டி, லாரி, கப்பல் வாடகை, அந்தப் பக்கம் கிளியரிங் ஏஜென்ட், மறுபடி லாரி... ஒரு கன்டெய்னருக்குப் பல ஆயிரம் டாலர் பழுத்துவிடும்.

பெட்டி கட்டுவதிலும் ஒரு வித்தை உண்டு. வீடு மாற்றியவர்களுக்குத் தெரியும். பெரிய பெட்டி நிறையப் புத்தகம் அடைத்தால் தூக்குகிறவர் இடுப்பு போய்விடும், அல்லது பெட்டியின் அடி போய்விடும். அதனால் சின்னப் பெட்டி, கெட்டியான டேப். அதோடு கன்டெய்னருக்குள் 'வேர்க்கும்'. பகல் சூட்டிலும் ராத்திரிக் குளிரிலும் இரும்புக் கூரையில் ஈரம் கோத்துச் சொட்டும். ஈரம் பட்ட புத்தகம் பூஞ்சை பிடித்துத்தான் போய்ச் சேரும்.

துறைமுகத்தில் வரி? இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. 1950-ல் யுனெஸ்கோ முயற்சியில் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் ஓர் ஒப்பந்தம் உருவானது. அதில் சேர்ந்த நாடுகள் புத்தகங்களுக்கு இறக்குமதித் தீர்வை போடக்கூடாது. ஆனால், தீர்வை இல்லை என்பதற்காகப் பேப்பர் இல்லை என்று அர்த்தமா? யார் அனுப்பியது, யாருக்கு, எத்தனை பெட்டி, உள்ளே என்ன என்று எல்லாவற்றுக்கும் பேப்பர் வேண்டும். ஒரு காகிதம் குறைந்தாலும் பெட்டி துறைமுகத்திலேயே உட்கார்ந்திருக்கும். உட்காரும் ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் ஏறும். தானம் வந்த சாமானை மீட்க, தானம் வாங்குகிறவன் கடன் வாங்குகிற நிலைமை வந்தாலும் வரலாம்!

உகாண்டா மாதிரி நாடுகளுக்குக் கடலே கிடையாது. கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் இறங்கி, தலைநகர் கம்பாலாவுக்குப் போக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரோட்டுப் பயணம். அதற்கப்புறம் கிராமம். அதற்கப்புறம் பள்ளிக்கூடம். அதற்கப்புறம்... ஆமாம், பீரோ!

குதிரை மேல் கேட்ட கேள்வி

இவ்வளவு பெரிய கன்டெய்னரெல்லாம் நமக்கு எதற்கு, ஒரு தெரு சேர்ந்தால் ஒரு லைப்ரரி செய்யலாமே என்று யோசித்தவர் கிறிஸ் பிராட்ஷா என்ற கலிபோர்னியாப் பெண்மணி. லெசோத்தோ என்ற நாட்டில் குடும்பத்தோடு மட்டக்குதிரைச் சவாரி போனார். நாலு பக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்திருக்கும் குட்டி மலைநாடு அது. வழிகாட்டியிடம், 'இங்கே லைப்ரரி எங்கே இருக்கிறது?' என்று கேட்டார். நாடு முழுவதற்கும் ஒன்று இருப்பதாகத்தான் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஊர் திரும்பி 2005-ல் 'ஆப்பிரிக்கன் லைப்ரரி பிராஜெக்ட்' தொடங்கினார். கணக்கு எளிது. அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடமோ, ஒரு தெருக்காரர்களோ சேர்ந்து ஆயிரம் புத்தகம் திரட்ட வேண்டும். அனுப்பும் செலவையும் அவர்களே திரட்ட வேண்டும். ஆப்பிரிக்காவில் அந்த ஆயிரத்தில் ஒரு லைப்ரரி. இப்படி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன லைப்ரரிகள் முளைத்துவிட்டன.

அமெரிக்காவில் இந்த மாதிரிச் சின்ன மனிதர்களுக்குக் கைகொடுத்தது தபால் இலாகாவின் 'எம்-பேக்'. அச்சடித்த காகிதங்களை மட்டும் ஒரே விலாசத்துக்கு அனுப்புகிற கோணிப்பை. ஒரு பைக்கு 66 பவுண்டு, அதாவது 30 கிலோ வரை. கப்பலில் ஆடி அசைந்து போகும், ஆனால் செலவு குறைவு. 2007 மே மாதம் அமெரிக்கத் தபால் இலாகா வெளிநாட்டுக்கான கப்பல் தபாலையே நிறுத்திவிட்டது. 'விமானத்தில் வேண்டுமானால் அனுப்பு' என்றார்கள். புத்தகம் விமானமேறினால் டிக்கெட் விலை கதையின் விலையைத் தாண்டிவிடுமே! ஒற்றை ஆளாக ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பை பையாக அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். கன்டெய்னர் கூட்டணிதான் ஒரே வழி என்று ஆனது.

லெசோத்தோ அம்மணியின் திட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. புத்தகம் கிளம்புவதற்கு முன்பே அந்தப் பள்ளிக்கூடத்தில் ஓர் அறை, அலமாரி, லைப்ரரியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆசிரியர், இந்த மூன்றும் தயாராக வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு வீடு பார்க்கிற மாதிரி!

பரணிலிருந்து வந்த பொக்கிஷம்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 'ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுங்கள்' என்று யாராவது கேட்டால் நம் கை முதலில் எங்கே போகிறது? பரணுக்கு. அங்கே என்ன இருக்கும்? பழைய சிலபஸ் கோனார் நோட்ஸ், முக்கால்வாசி எழுதிய டைரி, விண்டோஸ் 95 கற்றுக்கொள்வது எப்படி, பாதி கரையான் தின்ற பொது அறிவுக் களஞ்சியம். கொடுத்துவிட்டு 'புண்ணியம்' என்று கை தட்டிக்கொள்வோம். உண்மையில் நடந்தது பரண் க்ளீனிங்!

2004 சுனாமி சமயத்தில் நாகப்பட்டினம் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். ஊர் ஊராக லாரியில் வந்த பழந்துணி ரோட்டோரம் மலை மலையாகக் கிடந்தது. கட்டின துணியோடு நின்றவர்கள்கூட அதைத் தொடவில்லை. ஏழை என்றால் எதுவும் போதும் என்று நினைத்தது யார் தப்பு?

புத்தகத்திலும் இதே கதைதான். அனுப்பும் அமைப்புகள் எல்லாமே 'இன்னதெல்லாம் வேண்டாம்' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. அட்டை கிழிந்தது, பக்கம் போனது, கிறுக்கியது, காலாவதியான பாடப் புத்தகம், பழைய கலைக்களஞ்சியம். குடோனில் தொண்டர்கள் மேஜை மேஜையாக உட்கார்ந்து புத்தகம் புத்தகமாகப் புரட்டிப் பார்த்துப் பிரிப்பதற்குக் காரணம் இதுதான். கண்டம் விட்டுக் கண்டம் குப்பை போட, கப்பல் வாடகை வேறு கொடுக்க வேண்டுமா?

இந்தச் சலிப்பில் தேறி வந்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. 'நல்ல புத்தகம்' என்றால் யாருக்கு நல்லது?

கென்யா சொன்ன சேதி

இதற்கு ஒரு பதில் 1990-களில் கென்யாவில் கிடைத்தது. மேற்குக் கென்யாவில் நூறு பள்ளிகளை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டு, 1996-ல் அதில் 25 பள்ளிகளுக்கு மட்டும் பாடப்புத்தகங்களை இலவசமாகக் கொடுத்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த பள்ளிகள். பழைய புத்தகம் இல்லை, பரண் புத்தகம் இல்லை, அரசாங்கப் பாடத்திட்டத்தின் சரியான புத்தகங்கள். ஆராய்ந்தவர்களில் ஒருவர் மைக்கேல் க்ரெமர். 2019-ல் நம் கொல்கத்தா அபிஜித் பானர்ஜியோடும் எஸ்தர் டஃப்லோவோடும் பொருளாதார நோபல் வாங்கினாரே, அவரேதான்.

புத்தகம் கொடுத்தால் மார்க் ஏறும் என்று நாம் எல்லோரும் சத்தியம் பண்ணுவோம். ஏறவில்லை! சராசரி மார்க் அப்படியே இருந்தது. ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு மட்டும் பலன் கிடைத்தது.

ஏன்? புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அந்தக் கிராமத்துப் பிள்ளைக்கு வீட்டில் தாய்மொழி ஒன்று. அடுத்து ஸ்வாஹிலி. இங்கிலீஷ் மூன்றாவது மொழி. ஆக, பெரும்பாலான பிள்ளைகளால் அந்தப் புத்தகத்தைப் படிக்கவே முடியவில்லை.

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு காலேஜில் முதல் நாள் இங்கிலீஷ் கிளாஸில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புத்தகம் கையில் இருக்கும். பக்கம் திறந்திருக்கும். பக்கத்துப் பையன் பக்கத்தைத் திருப்பும்போது நாமும் திருப்புவோம். அவ்வளவுதான். பஹுன்டாண்டாவில் பீரோவுக்குப் பூட்டு. இங்கே புத்தகத்துக்குள்ளேயே பூட்டு!

அது பாடப்புத்தகம், கதைப் புத்தகம் வேறு என்பீர்கள். உண்மைதான். கதையில் படம் இருக்கும், பரீட்சை கிடையாது. ஆனால், எழுத்துக்கூட்டும் வயசில் வருகிற முதல் புத்தகம் பேசுகிற மொழியில் இருந்தால்தான் 'படிப்பது என்பது என்னாலும் முடிகிற விஷயம்' என்கிற தைரியம் வரும். பனிமனிதனையும் ஹாலோவீன் பூசணிக்காயையும் பார்த்து முழிக்கிற பிள்ளை, 'புத்தகம் என்பது வேறு யாருக்கோ' என்று முடிவு கட்டிவிடும். அந்த முடிவை அப்புறம் மாற்றுவது கஷ்டம்.

வழியை மாற்றியவர்கள்

பாராட்ட வேண்டிய விஷயம் என்னவென்றால், இதை முதலில் ஒப்புக்கொண்டவர்கள் புத்தகம் அனுப்பியவர்களேதான்.

'புக் எய்ட்' பற்றி அப்புறம் சொல்கிறேன் என்றேனே. அவர்கள் பழைய புத்தகம் திரட்டுவதை விட்டுவிட்டார்கள். பதிப்பாளர்கள் நன்கொடையாகத் தரும் புத்தம் புதுப் புத்தகங்களைத்தான் இப்போது அனுப்புகிறார்கள். வருடத்துக்குப் பத்து லட்சம் வாக்கில். படித்த மீதியைக் கொடுப்பதில்லை என்பது கொள்கை.

கனடாவில் 1959-ல் 'ஓவர்சீஸ் புக் சென்டர்' என்ற பெயரில் புத்தகம் கப்பலேற்ற ஆரம்பித்த அமைப்பு, பிற்பாடு 'கோட்' என்று பெயர் மாறி, அந்தந்த நாட்டிலேயே எழுதி அச்சடிக்க உதவுவதில் இறங்கியது. அவர்கள் ஆதரவில் 1991-ல் டான்சானியாவில் குழந்தைகள் புத்தகத் திட்டம் ஒன்று தொடங்கியது. அந்த ஊர் எழுத்தாளர், அந்த ஊர் ஓவியர், ஸ்வாஹிலிக் கதை.

நம் ஜான் வுட்? கழுதை மேல் இங்கிலீஷ் புத்தகம் ஏற்றிப்போன அதே மனிதரின் 'ரூம் டு ரீட்', 2003-லிருந்து உள்ளூர் மொழிகளில் தானே குழந்தைப் புத்தகம் வெளியிட ஆரம்பித்தது. சுனாமிக்குப் பிறகு 2005-ல் இலங்கைக்கும் போய், சிங்களத்திலும் தமிழிலும் போட்டது.

இன்னும் ஒரு படி மேலே போனவர்கள் உண்டு. 2014-ல் தென்னாப்பிரிக்காவில் 'ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக்' வந்தது. 2015-ல் பெங்களூரின் பிரதம் புக்ஸ் 'ஸ்டோரிவீவர்' தொடங்கியது. படக்கதைகளை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தன் மொழியில் பெயர்த்து அச்சடித்துக்கொள்ளலாம், காப்பிரைட் சண்டை கிடையாது. ஆப்பிரிக்கக் கதை தமிழுக்கு வருகிறது. நம் ஊர்க் கதை ஆப்பிரிக்க மொழிகளுக்குப் போகிறது. கன்டெய்னர் இல்லை, டெமரேஜ் இல்லை!

அப்படியானால் கப்பல் வேலையெல்லாம் வீணா? இல்லை. உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷில்தான் படித்தாக வேண்டும் என்கிற நாடுகள் ஆப்பிரிக்காவில் நிறைய. அங்கே பதினைந்து வயசுப் பெண்ணுக்கு ஒரு நல்ல அறிவியல் புத்தகம் கிடைத்தால் அது அவள் தலையெழுத்தையே மாற்றும். காலி அலமாரிக்கு எதிரில் நின்றுகொண்டு தத்துவம் பேச முடியாது. கேட்டு அனுப்பினால் தானம், கேட்காமல் அனுப்பினால் பாரம். அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்களும் அனுப்பப் போகிறீர்களா?

ஆபீஸில் நாலு பேர் சேர்ந்து செய்யக்கூடிய வேலைதான். சந்தா வசூலிக்க ஒருவர், பெட்டி கட்ட இருவர், யோசனை மட்டும் சொல்ல ஒருவர் (இவர் எல்லா ஆபீஸிலும் உண்டு). இறங்குவதற்கு முன் இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. கேட்டார்களா? எந்த வகுப்புக்கு, எந்த மொழியில், எத்தனை என்று அந்தப் பள்ளிக்கூடம் சொல்ல வேண்டும். நாம் சொல்லக்கூடாது.

2. அங்கே யார் பொறுப்பு? துறைமுகத்தில் பெட்டியை எடுக்கவும், பள்ளியில் பிரித்து அடுக்கவும் பெயர் சொல்லி ஓர் ஆள் வேண்டும்.

3. செலவுக்குப் பணம் முழுசாக இருக்கிறதா? கப்பல் வாடகை மட்டும் இல்லை, கடைசி லாரி வரைக்கும். பாதிப் பணத்தில் கிளம்பிய பெட்டி பாதி வழியில்தான் நிற்கும்.

4. தமிழ்ப் புத்தகம் என்றால் தமிழ் படிக்கிற பிள்ளைகள் இருக்கும் இடமாகப் பாருங்கள். மலேசியாவில் மட்டும் ஐநூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கேயும் முதல் கேள்வி 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்பதுதான்.

5. ஆயிரம் சுமாரை விட நூறு நல்லது மேல். அனுப்புகிற செலவில் அங்கேயே புதுசாக வாங்க முடியுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சில சமயம் மணியார்டரே உத்தமமான பார்சல்!

6. கடைசியாக, இந்தப் புத்தகத்தை உங்கள் பிள்ளைக்கு, உங்கள் அக்கா பிள்ளைக்குப் பிறந்த நாள் பரிசாகக் கொடுப்பீர்களா? மாட்டீர்கள் என்றால் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் எழுதிவிட்டுச் சும்மா இருந்தால் எப்படி என்று போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுப் பரணில் ஏறினேன். "எழுத்தாளருக்கு இப்பத்தான் ஏணி ஞாபகம் வந்துதா?" என்றாள் மனைவி. தும்மித் தும்மி 41 புத்தகங்களை இறக்கினேன். மேலே உள்ள கேள்விகளைக் கேட்டேன். முப்பத்தைந்து அவுட். பழைய பேப்பர்காரர் தராசோடு வந்தார். 'படிப்பு எல்லாம் இவ்வளவு லேசா இருக்கே சார்' என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

மிச்சம் ஆறு. அட்டை போட்டு அழகாக அடுக்கினேன். தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் கேட்டு வைத்திருந்தார்கள். அதற்குக் கப்பல்கூட வேண்டாம். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் ஐந்து.

ஆறாவது, என் பெண்ணின் கையில். யானைக்குச் சளி பிடித்த கதை. ஓரமெல்லாம் நைந்து, முதுகில் செல்லோ டேப் ஒட்டிய புத்தகம்.

"கொடும்மா, பாப்பாங்க படிக்கட்டும். நீதான் பெரியவளாயிட்டியே" என்றேன்.

"அவங்களுக்கு வேற வாங்கிக் குடுங்கப்பா. இது நான் படிக்கறது" என்றாள், முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டே.

எது நல்ல புத்தகம் என்று இத்தனை பக்கம் எழுதிய எனக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது. பிள்ளை விட்டுத்தர மாட்டேன் என்கிறதே, அதுதான். பீரோவில் வைத்துப் பூட்டினால் புத்தகம் கிழியாது. கிழிகிற அளவுக்கு யாராவது படிக்க வேண்டும் என்பதற்காகத்தானே கடல் தாண்டி அனுப்புகிறோம்?

மறுநாள் ஆபீஸ் விட்டு வரும்போது கடையில் யானைக்குச் சளி பிடித்த கதையில் இரண்டு பிரதி வாங்கினேன், புதுசாக. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தபோது டீச்சரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன்.

"டீச்சர், இதைப் பூட்டி மட்டும் வைக்காதீங்க. கிழிஞ்சா சொல்லுங்க, வேற வாங்கித் தரேன்."